1,500 சுற்றில் என் டீசல் கார்: தனிப்பயன் ரீமேப் செய்துகொண்ட அனுபவம்

வேகத்தடையில் ஏறி இறங்கியதும் இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒன்றுமே நடக்காமல் போகும் அந்த ஒன்றரை நொடிதான் என்னை ரீமேப் செய்பவரிடம், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளைத் திருத்தி எழுதுபவரிடம், கொண்டுபோய் நிறுத்தியது. என்னுடையது 1.5 லிட்டர் டர்போ டீசல் எஞ்சின், ஐந்து கியர் கொண்ட மேனுவல் கார். 92,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. தயாரிப்பாளரின் கணக்கில் 115 குதிரைத்திறனும் 250 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் உண்டு. நெடுஞ்சாலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் நிமிடத்துக்கு 1,700 சுற்றுக்குக் கீழே எஞ்சின் முனகிக்கொண்டே கிடக்கும். அதைத் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல் பாயும். நகர நெரிசலில் இந்த இரண்டு குணங்களுக்கும் நடுவே கால் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. எனக்கு வேண்டியிருந்தது அதிக வேகம் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தச் சேவையை நான் மதிப்பிடும் அளவுகோல் அதுதான்.

ரீமேப் என்ற பெயரில் இரண்டு வேறுபட்ட வேலைகள் விற்கப்படுகின்றன. ஒரே மாடல் கார்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கும் ஃபைலை காரின் பழுதறியும் இணைப்பான ஓபிடி போர்ட் வழியாகப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஏற்றிவிட்டு அனுப்பிவிடுவது ஒன்று. குறிப்பிட்ட அந்த ஒரு காரை ஓட்டிப் பார்த்து, அதன் சென்சார்கள் தரும் தரவைப் பதிவு செய்து, அதற்கேற்ப மேப்புகளை, அதாவது எஞ்சின் கணினியின் அட்டவணைகளை, திருத்தி, மறுபடி ஓட்டிச் சரிபார்ப்பது இன்னொன்று. முந்தையது எப்போதும் மோசம் என்று சொல்ல மாட்டேன். நல்ல நிலையில் இருக்கும் புதிய வண்டிக்கு அது ஓரளவு பொருந்தவும் கூடும். ஆனால் 92,000 கிலோமீட்டர் ஓடிய எஞ்சினில் இன்ஜெக்டர், டர்போ, காற்றளவு சென்சார், கிளட்ச் ஆகிய எதுவுமே தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோல் இருக்காது. அதனால் இரண்டாவது வகையைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் நாள் அவர் என் காரின் எஞ்சின் கணினியான இசியுவில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. மடிக்கணினியை இணைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். மூன்றாவது கியரில் 1,200 சுற்றிலிருந்து 4,000 வரை முழு ஆக்ஸிலரேட்டரில் இழுக்கச் சொன்னார். ஆளில்லாத சாலையில் மூன்று முறை அப்படிச் செய்தோம். பிறகு திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினார்: ஒன்று இசியு கேட்ட பூஸ்ட் அழுத்தம் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்), மற்றது உண்மையில் கிடைத்த அழுத்தம். 2,000 சுற்றில் 2,250 மில்லிபார் கேட்கப்பட்டிருக்க, 1,950 மட்டுமே வந்திருந்தது. பானட்டைத் திறந்து, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தை விரலால் தடவி, விரலை எனக்குக் காட்டினார். கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தது. கிளாம்புக்கு அருகே கையால் அழுத்தினால் மட்டும் வாய் பிளக்கும் ஒரு கீறல். “சார், இது மேல ஃபைல் எழுதினா ஓட்டைக்குத்தான் காத்தடிக்கணும். முதல்ல ஹோஸை மாத்திட்டு வாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்த ஒரு செயலுக்காகவே அவருக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். காற்று கசியும் எஞ்சினில் பூஸ்ட் இலக்கை உயர்த்தினால், குறையும் அழுத்தத்தை ஈடுகட்ட டர்போவைச் சுழற்றும் புகைக் காற்றை நெறிப்படுத்தும் இறக்கைகளை இசியு இன்னும் மூடும்; டர்போ தேவைக்கு மேல் சுழலும்; வெளியேறும் புகைக் காற்றின் வெப்பம் ஏறும். அப்படிக் கெட்டுப்போகும் டர்போவுக்கு ரீமேப்தான் காரணம் என்று பிற்பாடு எல்லோரும் பேசுவார்கள். கீறல் விழுந்த ஹோஸை யாரும் நினைக்க மாட்டார்கள்.

ஹோஸை மாற்றி, காற்று வடிகட்டியையும் புதிதாகப் போட்டு ஒரு வாரம் ஓட்டினேன். உண்மையைச் சொன்னால், என் குறையில் ஏறக்குறைய பாதி அப்போதே தீர்ந்துவிட்டது. ரீமேப் செய்துகொண்டவர்கள் எழுதும் புகழுரைகளில் இந்தக் கணக்கு பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. வண்டி புதிதாகப் பிறந்ததுபோல் ஆகிவிட்டது என்று வியப்பவர்களில் எத்தனை பேர், அது பழுதாகாமல் இருந்தபோது எப்படி இழுத்தது என்பதோடு ஒப்பிட்டிருப்பார்கள்? மீதிப் பாதிக்காக நான் மறுபடி போனேன்.

இரண்டாவது முறை, காரின் சக்தியைச் சக்கரத்தில் அளக்கும் டைனோ கருவியில் ஏற்றினார்கள். முன்சக்கரங்களை உருளைகளின்மேல் நிறுத்தி, காரின் நான்கு மூலைகளையும் பட்டைகளால் இழுத்துக் கட்டி, ரேடியேட்டருக்கு எதிரே ஆள் உயர மின்விசிறி ஒன்றை ஓடவிட்டார்கள். நேரடி விகிதத்துக்கு நெருக்கமாக இருப்பதால் நான்காவது கியரிலேயே எல்லா ஓட்டங்களும் நடந்தன. மூன்று ஓட்டங்களில் சக்கரத்தில் பதிவானது 99, 98, 96 குதிரைத்திறன். கடைசி ஓட்டத்தில் குறைந்ததற்குக் காரணம் இன்டர்கூலர் சூடேறியதுதான் என்று உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையைக் காட்டி விளக்கினார். தயாரிப்பாளர் சொல்லும் 115 எஞ்சினில் அளந்தது. கியர்பாக்ஸும் டயரும் தின்றது போகத்தான் சக்கரத்துக்கு வரும். ஆகவே ஒரு டைனோவின் எண்ணை இன்னொரு டைனோவின் எண்ணோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் பொருளில்லை. அதே உருளையில், அதே நாளில், முன்னும் பின்னும் அளந்த வித்தியாசம் மட்டுமே நம்பத் தகுந்தது.

இனி, அவர் மாற்றியவை. டீசல் காரில் ஆக்ஸிலரேட்டர் பெடல் எரிபொருளை நேராகத் திறந்துவிடுவதில்லை. பெடலின் நிலையைப் பார்த்து, ஓட்டுபவர் எவ்வளவு முறுக்கு விசை கேட்கிறார் என்று இசியு ஓர் அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதைப் புகைக் கட்டுப்பாடு, எஞ்சின் வெப்பம், கியர்பாக்ஸின் தாங்கும் திறன் முதலிய பல வரம்புகளோடு ஒப்பிட்டு, மிகக் குறைந்ததை ஏற்றுக்கொண்டு, அதற்கான டீசல் அளவை மில்லிகிராமில் கணக்கிட்டு, இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயின் (ரயில்) அழுத்தத்துக்கு ஏற்ப இன்ஜெக்டர் எத்தனை மைக்ரோவிநாடி திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் மாற்றினால், அடுத்த வரம்பில் போய் முட்டி நிற்கும், அல்லது இசியு தவறான முறுக்கு விசையைக் கணக்கிட்டுக்கொண்டு உள்ளுக்குள் குழம்பும். எரிபொருளைக் கூட்டுவது எளிது. கூட்டிய எரிபொருளுக்கு ஈடான காற்று அந்த நொடியில் இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. அவர் 1,400 முதல் 2,000 சுற்று வரையிலான பகுதியில் பூஸ்ட் இலக்கையும் டர்போ இறக்கைகளின் தொடக்க நிலையையும் முதலில் திருத்தினார். காற்று முன்கூட்டியே வரத் தொடங்கிய பிறகே புகை வரம்பைச் சிறிது தளர்த்தினார். அதுவும் காற்றின் எடை எரிபொருளின் எடையைப்போல் 18 மடங்குக்குக் கீழே இறங்காதபடி. உச்சச் சுற்றுகளில் மிதமான மாற்றம் மட்டுமே செய்தார்.

பெடல் அட்டவணையை அவர் ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டது எனக்குப் பிடித்திருந்தது. கால்வாசி மிதித்தாலே முக்கால்வாசி மிதித்ததுபோல் இசியுவை நம்பவைத்துவிட்டால், கடையிலிருந்து வெளியே வரும் முதல் நிமிடத்திலேயே வாடிக்கையாளர் முகம் மலர்ந்துவிடும். எஞ்சினின் சக்தி இம்மியும் கூடியிருக்காது. நெரிசலில் மெல்ல ஊர்ந்து போக வேண்டிய நேரத்தில்தான் அந்த ஏமாற்று வெளிப்படும்: வண்டி குதிக்கும், கால் நடுங்கும்.

ஃபைலை எழுதும் வேலையில் பார்க்க ஒன்றுமில்லை. மூல ஃபைலை முதலில் படித்துச் சேமித்துக்கொண்டார். எழுதும்போது மின்னழுத்தம் விழுந்தால் இசியு செத்துப்போகும் அபாயம் இருப்பதால், பேட்டரியில் சார்ஜர் ஒன்றைப் பொருத்தி, மீட்டரில் 13 வோல்ட்டுக்கு மேல் நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே விசையைத் தட்டினார். முன்னேற்றப் பட்டை நகர்ந்து முடியும்வரை காரின் கதவைக்கூடத் திறக்கவிடவில்லை. அன்று மட்டும் இப்படி நான்கு முறை எழுதினார். ஒவ்வொரு முறையும் டைனோ ஓட்டம், பதிவு, திருத்தம்.

இறுதியில் சக்கரத்தில் 118 குதிரைத்திறன் வந்தது. உச்ச முறுக்கு விசை 305 நியூட்டன் மீட்டர். எனக்கு முக்கியமான எண் வேறு: 1,500 சுற்றில் 182 ஆக இருந்தது 214 ஆகியிருந்தது. சக்தியாகக் கணக்கிட்டால் அந்த இடத்தில் ஏறக்குறைய 5 கிலோவாட்தான் கூடுதல். தாளில் பார்த்தால் அற்பம். ஆனால் அதே வேகத்தடை, அதே இரண்டாவது கியர், 1,300 சுற்று, கால் பாதிகூட இறங்காத நிலை. கார் தயங்காமல் நகர்கிறது. முன்பு முதல் கியருக்கு இறக்க வேண்டியிருந்த இரண்டு திருப்பங்களில் இப்போது கியர் கம்பியைத் தொடுவதே இல்லை. 1,700 சுற்றில் இருந்த அந்தத் தள்ளல் மறைந்து, மேடு ஒன்றைச் சரிவாக்கிவிட்டதுபோல் விசை சீராக ஏறுகிறது. உடன் வந்த என் மனைவிக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இந்தச் சேவைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒன்பதாம் நாள் சிக்கல் வந்தது. நான்கு பேருடன் ஐந்தாவது கியரில் ஒரு நீண்ட ஏற்றத்தில் முழுவதுமாக மிதித்தபோது, சுற்றுமானியின் முள் 2,100 இலிருந்து 2,600க்குத் தாவியது, வேகமானி அசையவில்லை. சில நொடிகளில் கருகல் வாடை. கிளட்ச் நழுவியது. 250 நியூட்டன் மீட்டரைத் தாங்கிக்கொண்டிருந்த தேய்ந்த கிளட்ச், 300ஐக் கண்டதும் கைவிரித்துவிட்டது. டைனோவில் இது தெரியவில்லையே என்று கேட்டதற்கு, அங்கே நான்காவது கியரில் சில நொடிகள் மட்டுமே சுமை நீடித்ததால் தப்பியிருக்கும் என்றார். இது அவர் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டியது. ஹோஸைத் தடவிப் பார்த்தவர், 92,000 கிலோமீட்டர் ஓடிய கிளட்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனாலும் சாக்குச் சொல்லாமல், கூடுதல் கட்டணம் வாங்காமல், மறுநாளே உச்ச முறுக்கு விசையை 280க்குக் குறைத்து எழுதிக் கொடுத்தார். 1,500 சுற்றின் பக்கம் போகவே இல்லை. அதற்குப் பிறகு அதே ஏற்றத்தில் மூன்று முறை சோதித்துவிட்டேன், நழுவல் இல்லை.

மைலேஜ் பற்றிக் கேட்பவர்களுக்கு: தொட்டியை நிரப்பி நிரப்பி அளந்ததில் முன்பு லிட்டருக்கு 17.8 கிலோமீட்டர், இப்போது 18.3. இந்த வித்தியாசம் என் கால், வானிலை, டயரின் காற்று ஆகியவற்றாலேயே வரக்கூடியது. ரீமேப் எரிபொருளைச் சேமிக்கும் என்று சொல்லி யாராவது விற்றால் கொஞ்சம் தள்ளியே நிற்கலாம். புகையில் மாற்றமில்லை. புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியையும், வெளியேறும் புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் இஜிஆரையும் நீக்கித் தரும்படி அன்று அங்கே இன்னொருவர் கேட்டுக்கொண்டிருந்தார். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம் என்று சொல்லி ரீமேப் செய்பவர் மறுத்துவிட்டார்.

குறைகளும் உண்டு. டைனோ அறிக்கை கைக்கு வர ஆறு நாள் ஆயிற்று. வந்த அறிக்கையில் முன்-பின் வரைபடங்கள் வெவ்வேறு அளவுகோலில் அச்சிடப்பட்டிருந்ததால் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியவில்லை, கேட்டபின் சரிசெய்து அனுப்பினார். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டிக்கு அது பறிபோகக்கூடும், காப்பீட்டு நிறுவனத்திடம் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டியிருக்கும், சர்வீஸ் மையத்தில் மென்பொருளைப் புதுப்பித்தால் எழுதிய மேப் அழிந்துபோகும் என்பவற்றையெல்லாம் நானாகக் கேட்ட பிறகே சொன்னார். எந்த வாடிக்கையாளரும் கையெழுத்திடும் முன் இவை தாளில் இருக்க வேண்டும். மூல ஃபைலின் பிரதியையும் கேட்டுத்தான் பெற்றேன்.

டர்போ இல்லாத பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இங்கே போவதால் பெரிய பலன் இருக்காது. காற்றைக் கூட்ட வழியில்லாத எஞ்சினில் இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) எவ்வளவு நகர்த்தினாலும் சில குதிரைத்திறன்தான் தேறும், அவரும் அப்படிப்பட்ட ஒருவரைத் திருப்பி அனுப்பியதாகச் சொன்னார். டர்போ டீசல் வைத்திருந்து, கீழ்ச்சுற்றின் தயக்கம் மட்டுமே குறை என்றால், இரண்டு நாள் ஒதுக்கிக்கொண்டு போகலாம். போகும் முன் கிளட்சைச் சோதித்துவிடுங்கள். என் கிளட்சை மாற்றும்போது வந்தால், குறைத்த 25 நியூட்டன் மீட்டரைத் திரும்ப எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இதுவரை அதைத் தேடும் சந்தர்ப்பம் எனக்கு வரவில்லை.