வான் ஓடப்போகும் பெடியனுக்கு எது சரி: ரேஸ் தளமா, கார்ட் தளமா, கிறவல் திடலா?

அக்காவின் மகனுக்கு லைசன்ஸ் கையில் கிடைத்த கிழமையே வீடு மூன்று கட்சியாகிவிட்டது. ஒஸ்லோவில் இருக்கும் சின்னண்ணன், "பெடியனை நல்ல இடத்தில் ஹை பெர்போமன்ஸ் டிரைவிங் பழக விடுங்கோ, காசு நான் போடுறன்" என்றார். அத்தானுக்கு அதில் விருப்பமில்லை. "ஓட ஓடப் பழகும். எனக்கு ஆர் பழக்கினது?" என்றார். பெடியனோ போனில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தளத்தின் வீடியோவைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். விசாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் இவன் ஓடப்போகிற ஓட்டத்தைச் சொல்ல வேண்டும். அத்தானின் வான், கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஹயர், அதாவது வாடகை ஓட்டம். இரவு கிளிநொச்சியில் வெளிக்கிட்டு, முறிகண்டியில் தேங்காய் உடைத்து, வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம் என்று விடிய முன் விமான நிலையத்துக்குப் போய், வெளிநாட்டுச் சொந்தங்களையும் அவர்களின் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். இருட்டு, பாரம், நித்திரை, மாடு. இந்த நாலுக்கும் எந்தப் பள்ளிக்கூடம் என்ன சொல்லித்தருகிறது என்பதை வைத்துத்தான் ஒப்பிட்டேன்.

லைசன்ஸுக்குப் பழக்கும் சாதாரண லேர்னர்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது ட்ரயல், அதாவது ஓட்டப் பரீட்சை, பாஸ் பண்ண வைக்கும், அவ்வளவுதான். கோனுக்குள் ரிவர்ஸ் எடுப்பது, ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது, டவுனுக்குள் இரண்டு சுற்று. நானும் அப்படித்தான் படித்தேன். பிரேக்கை முட்டையை மிதிக்கிற மாதிரி மிதிக்கச் சொன்னார் மாஸ்டர். நல்ல பழக்கம்தான். ஆனால் முழுப்பலத்தோடு மிதித்தால் என்ன நடக்கும் என்று ஒருநாளும் காட்டவில்லை. லைசன்ஸ் எடுத்த முதல் வருசம் கனகராயன்குளத்துக்குக் கிட்ட இரவில் எருமை ஒன்று குறுக்கே நின்றது. மிதித்தேன். சில்லு இறுகிச் சறுக்காமல் பார்க்கும் ஏபிஎஸ் வேலை செய்து பெடல் காலுக்குக் கீழே கடகடவென்று அதிர்ந்தது. ஏதோ உடைந்துவிட்டதென்று நினைத்துக் காலை எடுத்துவிட்டேன்! வாகனம் கானுக்குள் போய் நின்றது. எருமை அசையவே இல்லை. அந்த அதிர்வு வந்தால் இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டும் என்று எனக்குப் பிறகு சொன்னது ஒரு கராஜ்காரர்.

இனிப் பெடியனின் கனவு. இருங்காட்டுக்கோட்டைத் தளம் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலைப் பக்கம், திருப்பெரும்புதூருக்குக் கிட்ட இருக்கிறது. 1990இல் திறந்தது, சுற்று 3.7 கிலோமீட்டர். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருப்பதால் எங்களுக்கு அது நினைப்பதுபோல் தூரமுமில்லை. இந்தியாவின் முதல் போர்முலா 1 சாரதி நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர். 2005இல் அவர் போர்முலா 1 தொடக்க வரிசையில் நின்றபோது இவன் பிறக்கவே இல்லை, ஆனாலும் முழுக்கதையும் இவனுக்குத் தெரியும்.

இப்படியான இடங்களில் இரண்டு வகைப் பாடம் உண்டு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒன்று ரேஸ் பாடம்: வளைவுக்குள் எங்கே நுழைவது, உள்முனையை எங்கே தொடுவது, பிரேக்கை விட்டுக்கொண்டே எப்படித் திருப்புவது. அருமையான கலை. இவன் ஓடப்போகிற ஏ9 வீதியில் மட்டும் அதற்கு வேலையில்லை. ஓமந்தையிலிருந்து மாங்குளம் வரை நேராகக் கிடக்கிற வீதியில் ரேஸ் கோடு பிடிக்கப் போனால் எதிரே வருவது யாழ்ப்பாண சொகுசு பஸ்.

மற்றது வாகனக் கட்டுப்பாட்டுப் பாடம். எனக்குப் பிடித்தது இதுதான். சீற்றில் எப்படி இருப்பது, கண்ணை எங்கே வைப்பது என்று தொடங்குவார்கள். கண் பார்க்கிற பக்கம்தான் கை திருப்பும்; எருமையையே பார்த்துக்கொண்டிருந்தால் எருமையில்தான் போய் முட்டுவோம், பக்கத்தில் இருக்கும் இடைவெளியைப் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் டயருக்குப் போவதை, நனைந்த தளத்தில் முன் சில்லு பிடி விடுவதற்கும் பின் சில்லு பிடி விடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை, உடம்பால் உணர வைப்பார்கள். முழு பிரேக்கை ஒரே நாளில் பலமுறை மிதிக்க விடுவார்கள். எங்கள் வீதியில் அதை ஒத்திகை பார்க்க இடமே இல்லை.

குறை என்னவென்றால், பழகுவது தாழ்ந்த காரில். இவன் ஓடப்போவது கூரையில் நாலு பெட்டி கட்டிய உயர்ந்த வான். அது வளைவில் சாயும் விதமே வேறு. அதோடு பாடம் முழுக்கப் பகலில்.

மோட்டார் சைக்கிள் ஓடுகிற பெடியள் இருக்கும் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. கீத் கோட் 1980இல் அமெரிக்காவில் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் பள்ளி சென்னைத் தளத்துக்கும் வந்து வகுப்பு நடத்தியிருக்கிறது. முறுக்கி ஓடுவதைவிடப் பார்வைக்கும் முறுக்கைச் சீராகத் திறப்பதற்கும்தான் அங்கே முக்கியத்துவம். வன்னியில் காரைவிட பைக்தான் கூட, அந்தக் கணக்கில் பார்த்தால் எங்களுக்கு உண்மையில் தேவை அதுவாக இருக்கலாம். அது இன்னொரு நாளைக்கு.

கொழும்புப் பக்கம் பண்டாரகமவில் கார்ட் எனப்படும் சின்ன ரேஸ் வண்டி ஓடும் தளம் இருக்கிறது. செலவு குறைவு, கொழும்புப் பயணத்தோடு பார்த்துவிட்டு வரலாம். ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பப் பழகும். சரி, விடுமுறைக்கு நல்லது. ஹயருக்கு அதை ஒரு பயிற்சியாக நான் எடுக்கவில்லை.

சின்னண்ணன் சொன்ன கதைதான் என் கணக்கையே மாற்றியது. அவரின் மகள் நோர்வேயில் லைசன்ஸ் எடுத்தபோது இருட்டில் ஓடுவதற்குத் தனி வகுப்பு இருந்ததாம், கட்டாயம். வீதியோரம் ஆட்களை நிறுத்திவைத்து டிம் லைட்டில் காட்டுவார்களாம். கறுத்த உடுப்போடு நிற்கிறவர் 25, 30 மீட்டரில்தான் தெரிவார். ஒளி தெறிக்கும் பட்டி கட்டியவர் 140 மீட்டரிலேயே தெரிவார்.

நான் பேனையை எடுத்தேன். 70இல் போகிற வாகனம் ஒரு செக்கனில் 19 மீட்டருக்கு மேல் ஓடும். மாட்டைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக அந்த ஒரு செக்கன் போய்விடும். காய்ந்த தார் வீதியில் நல்ல டயரோடு நிற்க இன்னும் 27, 28 மீட்டர். மொத்தம் 47. டிம் லைட்டில் கறுத்த மாடு தெரிவதோ 30இல். அதாவது டவுனுக்கு வெளியே சட்டம் விடுகிற அதே 70இல், எதிரே பஸ் வந்து லைட்டை டிம் பண்ணிய நேரத்தில், உலகத்தின் எந்த ரேஸ் சாரதியாலும் அந்த மாட்டுக்கு முன் நிறுத்த முடியாது. 50இல் என்றால் 28 மீட்டர், மட்டுமட்டாக நிற்கும். பின் லைட் இல்லாத உழவு இயந்திரப் பெட்டிக்கும் இதே கணக்குத்தான்.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். நோர்வேயில் 1970களின் கடைசியில் வழுக்குத் தளப் பயிற்சியைப் புதுச் சாரதிகளுக்குக் கட்டாயமாக்கினார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தால், இளம் ஆண்களிடம் வழுக்கு வீதி விபத்து குறையாமல் கூடியிருந்தது. சறுக்கினால் பிடித்துவிடலாம் என்ற துணிவுதான் காரணம் என்றார்கள். அதன்பின் பாடத்தின் நோக்கத்தையே மாற்றி, சறுக்கத் தொடங்கினால் உன்னால் எவ்வளவு கொஞ்சம்தான் முடியும் என்று காட்டுவதாக்கினார்கள். அதனால் எந்தப் பள்ளிக்குப் போன் எடுத்தாலும் நான் கேட்ட முதல் கேள்வி, "முதல் நாள் பெடியனுக்கு என்ன செய்து காட்டுவீர்கள்?" என்பதுதான். சுற்று நேரத்தையும் சான்றிதழையும் பற்றி மட்டும் பேசியவர்களை விட்டுவிட்டேன். பிரேக் பாடம் எத்தனை மணித்தியாலம், பயிற்றுநர் பக்கத்து சீற்றில் இருப்பாரா என்பவை அடுத்த கேள்விகள்.

கடைசித் தெரிவு காசில்லாதது. எங்கள் ஊரில் லொறி ஓடி ஓய்ந்த ஒரு ஐயா இருக்கிறார். தெரிந்தவர் ஒருவரின் காணியில் பெரிய கிறவல் திடல் இருக்கிறது. இரவில் எதிர் லைட் கண்ணை அடித்தால் வீதியின் இடது கரையைப் பார்ப்பது, பாரத்தோடு இறக்கத்தில் கியர் குறைப்பது, கண் சொருகினால் வெட்கப்படாமல் ஓரம் கட்டிப் படுப்பது எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தால்தான் பெடியள் கேட்பார்கள். ஒரே சிக்கல், அவர் பிரேக்கை விட்டு விட்டுத் திரும்பத் திரும்ப மிதி என்கிறார். ஏபிஎஸ் இல்லாத பழைய லொறிக்கு அது சரி, இந்த வானுக்குப் பிழை. கிறவலில் ஏபிஎஸ் நிறுத்தும் தூரத்தைக் கூட்டும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

என் முடிவு இது: முதல் ஆறு மாதம் ஐயாவும் திடலும், இரவு ஓட்டத்துக்குப் பக்கத்தில் அத்தான். அதன்பின் சென்னை, அதுவும் வாகனக் கட்டுப்பாட்டுப் பாடம் மட்டும். ரேஸ் பாடம் வேண்டுமென்றால் சொந்தக் காசில் போகட்டும். அண்ணன் ஒத்துக்கொண்டார். பெடியன் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தான்.

போன சனிக்கிழமை திடலுக்குப் போனோம். 20இல் வந்து முழு பிரேக், நின்ற இடத்தில் ஒரு தடி நட்டோம். "40இல் வந்தால் எங்கே நிற்பாய்?" என்று ஐயா கேட்டார். இவன் யோசிக்காமல் அதன் இரண்டு மடங்கில் ஒரு தடியை நட்டுவிட்டு ஏறினான். வான் அந்தத் தடியை முறித்துக்கொண்டு போய், முதல் அளவின் நாலு மடங்கில்தான் நின்றது. இறங்கி வந்து, முறிந்த தடியையும் வானையும் மாறிமாறிப் பார்த்தான்.

"இன்னொருக்கா ஓடிப் பாக்கட்டா மாமா?" என்றான்.