“கார்புரேட்டர் மட்டும்தான் பழுது” என்ற வாக்கியத்தை நம்பி வண்டி வாங்காதீர்கள்

பழுது இருக்கிறது என்று தெரிந்தே ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழுதை மறைத்து விற்பவர்களைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். நான் ஏமாந்தது, பழுதைத் தானாகவே முன்வந்து சொன்ன ஒருவரிடம். அப்படியும் ஏமாற்ற முடியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

என் தம்பிக்கு இரவு வேலை. வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் பஸ் கிடையாது. புது வண்டிக்குக் கையில் பணம் போதவில்லை; கடன் வாங்கவும் மனமில்லை. அந்தச் சமயத்தில்தான் 150 சிசி, ஒற்றை சிலிண்டர் வண்டி ஒன்றின் விளம்பரம் கண்ணில் பட்டது. “எஞ்சின் நல்ல நிலையில் உள்ளது. கார்புரேட்டர் மட்டும் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கேற்ப விலை குறைத்திருக்கிறேன்.” கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம். அதே வயதுடைய மற்ற வண்டிகளின் விலையில் ஏறக்குறைய பாதிதான் கேட்டிருந்தார்.

நேரில் போனோம். வண்டியைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். நாங்கள் கேட்கும் முன்பே அவரே தொடங்கினார்.

“தம்பி, ஒளிவுமறைவு எனக்குப் பிடிக்காது. முன் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறது, பாருங்கள். ஹாரன் சரியாக அடிக்காது. பின் டயர் தேய்ந்துவிட்டது. கார்புரேட்டரில் அடைப்பு இருக்கிறது. ஐட்லிங்கில் ஓடும், ஆக்சிலரேட்டரைத் திருகினால் அணைந்துவிடும். அதனால் ஓட்டிப் பார்க்க முடியாது. மற்றபடி எஞ்சினை இதுவரை யாரும் பிரித்ததில்லை.”

முன் சக்கரத்தைத் தாங்கும் அந்த ஃபோர்க் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஆயில் ஒட்டியது. ஹாரனை அழுத்தினேன்; கம்மியது. டயரைப் பார்த்தேன், வழுவழுப்பாக இருந்தது. இந்த மூன்றும் உண்மை. அந்த மூன்று உண்மைகளின் தோளில் ஏறிக்கொண்டுதான் அவர் சொன்ன மற்றவையும் என் மனதுக்குள் நுழைந்தன. கண்ணால் பார்க்கக்கூடிய குறைகளை ஒன்றுவிடாமல் சொல்கிறவர், பார்க்க முடியாததில் பொய் சொல்லமாட்டார் என்று நான் நினைத்துவிட்டேன்.

கிக்கரை ஒரே மிதி மிதித்தார், எஞ்சின் ஓடத் தொடங்கியது. புகை இல்லை. சத்தமும் சீராக இருந்தது. வண்டி அருகில் நின்றபோது என் முழங்காலில் சூடு அடித்தது இப்போது நன்றாக நினைவுக்கு வருகிறது. நாங்கள் வருவதற்கு முன்பே அவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தார். ஆயில் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் தேய்ந்த எஞ்சினில், இரவு முழுவதும் நிற்கும்போது ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது சைலன்சரிலிருந்து நீல நிறப் புகை குப்பென்று வரும். சிறிது நேரத்தில் அடங்கிவிடும். அந்த முதல் சில விநாடிகளைத்தான் நான் பார்க்கவில்லை. யாராவது வண்டி பார்க்கப் போனால், பேச்சைத் தொடங்கும் முன் எஞ்சின் மீது கை வையுங்கள். சூடாக இருந்தால், ஆறும் வரை காத்திருங்கள், அல்லது மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள். நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வதில் தவறே இல்லை.

பிறகு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே கியர் போட்டுக் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பின் சக்கரம் தடங்கலின்றிச் சுற்றியது. “ஓட்ட முடியாவிட்டால் என்ன, கியர் பாக்ஸைக் கண்ணாலேயே பார்த்துவிட்டீர்கள்” என்றார். எனக்கும் அது போதுமானதாகத் தோன்றியது.

அது போதவே போதாது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் சக்கரத்தில் சுமையே கிடையாது. கியர்கள் ஒன்றோடொன்று பிணைவது பக்கவாட்டில் இருக்கும் சிறிய பிடிமானப் பற்களால். அவற்றின் விளிம்பு மழுங்கிவிட்டால் சுமை இல்லாதபோது பிடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆள் ஏறி உட்கார்ந்து, மேட்டில் ஆக்சிலரேட்டரைத் திருகும்போதுதான் வழுக்கி வெளியே வரும். கிளட்ச் வழுக்குகிறதா என்பதும் அப்படித்தான். சாலையில் ஓட்டினால் மட்டுமே தெரியக்கூடிய விஷயங்கள் இவை.

அவர் சொன்ன கார்புரேட்டர் பழுது எங்களைச் சாலைக்குப் போகவிடாமல் தடுத்தது. சொல்லப்பட்ட பழுது, சொல்லப்படாத பழுதைச் சோதிக்க முடியாதபடி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

பணம் கொடுத்தோம். ஒரு தாளில் “வண்டியைப் பார்த்து, சோதித்து, உள்ளபடியே வாங்கிக்கொண்டேன்” என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். எஞ்சின் எண்ணையும் சேஸி எண்ணையும் பதிவுச் சான்றோடு நானே ஒப்பிட்டுப் பார்த்தேன். அவை சரியாக இருந்தன. அதில் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனோம். கார்புரேட்டரைக் கழற்றினார். உள்ளே அழுக்கு அதிகம் இல்லை. மேல் மூடிக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம்தான் கிழிந்திருந்தது. அது கிழிந்தால் கார்புரேட்டருக்குள் இருக்கும் சிறிய பிஸ்டன் மேலே எழும்பாது. ஐட்லிங்கில் எஞ்சின் ஓடும், ஆனால் இழுக்காது. புதிதாக ஒன்று போட்டார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அது தானாகக் கிழிந்ததா, யாராவது கிழித்ததா என்று என்னால் சொல்ல முடியாது. அந்தப் பழியை அவர் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது, விளம்பரத்தைப் படித்த அன்றே எழுந்திருக்க வேண்டியது. இவ்வளவு சிறிய செலவில் சரியாகும் ஒன்றுக்காக ஒருவர் ஏன் விலையில் பாதியை இழக்கச் சம்மதிக்கிறார்?

பதில் நான்காம் நாள் கிடைத்தது.

தம்பி வேலைக்குப் போகும் வழியில் ஒரு ஏற்றம் உண்டு. இரண்டாம் கியரில் ஏறிக்கொண்டிருந்தபோது “டக்” என்ற சத்தத்தோடு கியர் விடுபட்டு, எஞ்சின் அலறியிருக்கிறது. வண்டி வேகம் இழந்தது. பின்னால் ஒரு லாரி. அதன் ஓட்டுநர் விழிப்பாக இருந்ததால் ஒதுக்கி ஓட்டிவிட்டார். தம்பி அன்று வீட்டில் எதுவும் சொல்லவில்லை. தன் கால்தான் கியர் லீவரில் சரியாக அழுத்தவில்லை என்று நினைத்துக்கொண்டான். மறுநாள் அதே இடத்தில் மீண்டும் நடந்த பிறகுதான், “அண்ணா, வண்டியில் ஏதோ சரியில்லை” என்றான். அந்த லாரி பற்றி அவன் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட நடுக்கம் இன்னும் போகவில்லை. பணம் போனதைவிட அதுதான் என்னை எழுத வைக்கிறது.

மெக்கானிக் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய்வந்தார். “இரண்டாம் கியர் நிற்கவில்லை தம்பி. இதற்கு எஞ்சினை இறக்க வேண்டும்” என்றார். இறக்குவதற்கு முன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், எவ்வளவு என்று பார்த்தார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் அளவுமானியைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்து வைத்துக் கிக்கரை மிதிப்பது. அளவு குறைவாக வந்தது. அதே துளை வழியாகக் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் மிதித்தார், அளவு உயர்ந்தது. ஆயில் விட்டால் உயர்கிறது என்றால் கசிவு பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் பக்கம். உயராமலே இருந்தால் பெரும்பாலும் வால்வு பக்கம். கழற்றிய பிளக்கின் முனை கருப்பாக, ஆயில் நனைந்து இருந்தது. இந்தச் சோதனைக்கு வண்டி ஓட வேண்டிய அவசியமே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஓடாத வண்டிக்கும் இதைச் செய்யலாம். விற்பவரின் வாசலிலேயே சில நிமிடங்களில் முடிந்திருக்கும்.

ஆயிலை வடித்தபோது அது தேனைப் போலக் கெட்டியாக இறங்கியது. சத்தத்தையும் புகையையும் கொஞ்ச காலம் அடக்கி வைக்க இப்படிக் கெட்டியான ஆயில் ஊற்றுவது உண்டு என்றார். அடியில் உலோகத் துகள்கள். நாளடைவில் நுண்ணிய சாம்பல் பூச்சு போல் கொஞ்சம் சேர்வது இயல்பு. விரல்களுக்கு இடையே உருட்டினால் நெருடும் அளவுக்குத் துண்டுகள் வந்தால் உள்ளே ஏதோ உடைகிறது என்று பொருள். எங்களுக்கு நெருடியது.

எஞ்சினைப் பிரித்தார். இரண்டாம் கியரின் பிடிமானப் பற்கள் கூழாங்கல்லைப் போல் உருண்டிருந்தன. அதை நகர்த்தும் கியர் ஃபோர்க் வளைந்திருந்தது. பிஸ்டனைத் துடைத்து அதன் தலையைக் காட்டினார். 100 என்று பொறித்திருந்தது. அதாவது, சிலிண்டரை ஏற்கெனவே கடைந்து, முதல் அளவைவிட 1.00 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1.00 என்று படிப்படியாகத்தான் பெரிதாக்குவார்கள். இந்த வண்டிக்கு அதுவே கடைசி அளவு. இனி கடைய இடமில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

“எஞ்சினை யாரும் பிரித்ததில்லை” என்று சொன்னவரின் குரல் அப்போது என் காதில் கேட்டது.

செலவைக் கணக்கிட்டோம். சிலிண்டர், பிஸ்டன், ரிங், வால்வு சீல், இரண்டு கியர்கள், கியர் ஃபோர்க், கேஸ்கெட், கூலி. நாங்கள் வண்டிக்குக் கொடுத்த விலையை அது தாண்டியது. இரண்டையும் கூட்டினால், முதலிலேயே நல்ல நிலையில் உள்ள வண்டி ஒன்றை வாங்கியிருக்கலாம்.

விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கோபப்படவே இல்லை. “பழுது இருக்கிறது என்று சொல்லித்தானே விற்றேன் தம்பி? நீங்கள் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்களே” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. முதல் நாளில் நேர்மையாகத் தெரிந்த அந்த ஒப்புதல், இப்போது அவருக்குக் கேடயம் ஆனது. அந்தத் தாளில், “கார்புரேட்டர், ஃபோர்க் சீல், ஹாரன், டயர் தவிர வேறு பழுது எனக்குத் தெரிந்து இல்லை, எஞ்சின் இதுவரை பிரிக்கப்படவில்லை” என்று அவரை எழுதச் சொல்லியிருக்க வேண்டும். உண்மையாக விற்பவர் தயங்காமல் எழுதுவார். அவர் தயங்கியிருந்தால் நாங்களும் திரும்பி வந்திருப்போம்.

பழுதான வண்டியே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பணம் குறைவாக உள்ளவர்களுக்கு அதுவே வழி. ஆனால் பழுதுகளில் இரண்டு வகை உண்டு. டயர், செயின், ஸ்பிராக்கெட், பிரேக் ஷூ, ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள கோன் செட் போன்றவை தேய்ந்திருந்தால், செலவைக் கணக்குப் போட்டு விலையில் கழித்துக்கொள்ளலாம். அவை மற்றவற்றைச் சோதிக்கவிடாமல் செய்யாது. ஃபோர்க் சீல் கசிந்தால் மட்டும், ஃபோர்க் குழாயின் பளபளப்பான பகுதியில் நகத்தை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். துருப் புள்ளி நெருடினால் புது சீல் போட்டாலும் மீண்டும் கசியும்.

வண்டியை ஓட்டவிடாத பழுதுதான் மற்ற வகை. பேட்டரி இல்லை, பெட்ரோல் டாங்க் துரு, கார்புரேட்டர் அடைப்பு, கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது என்று ஏதாவது ஒன்று. அங்கே எனக்கு இப்போது ஒரே நிலைப்பாடு. சிறிய பழுது என்றால், “நீங்களே சரிசெய்து வையுங்கள், அந்தச் செலவை விலையில் சேர்த்துத் தருகிறேன், ஓட்டிப் பார்த்து வாங்குகிறேன்” என்று சொல்வேன். பேட்டரிதான் குறை என்றால், சார்ஜ் செய்த பேட்டரியை நானே கொண்டுபோவேன். எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், எஞ்சினுக்கு மதிப்பே இல்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுவேன். அந்த விலைக்கு அவர் தரமாட்டார் என்றால் அந்த வண்டி எனக்கு வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓடிய கிலோமீட்டர் மிகக் குறைவாகக் காட்டியது மீட்டர். கால் வைக்கும் ரப்பரோ நடுவில் முழுவதும் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. இரண்டும் பொருந்தவில்லை என்பதை வாசலில் நின்றபோதே தம்பி கவனித்து என் காதில் சொன்னான். நான்தான், “அவர் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்கிறாரே” என்று அவனை அடக்கினேன். வண்டியை ஓட்டப்போகிறவன் அவன். அவன் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும்.

எஞ்சினைச் சரிசெய்யப் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டோம். வண்டி இப்போது மெக்கானிக்கின் கொட்டகையில் நிற்கிறது. சேஸி, சக்கரங்கள், விளக்குகள் நன்றாக இருப்பதால் உதிரிபாகங்களுக்காக வாங்க இரண்டு பேர் விசாரித்திருக்கிறார்கள். டாங்கின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். இரண்டாம் கியர் விடுபடும், பிஸ்டன் கடைசி அளவு, சிலிண்டர் மாற்ற வேண்டும், மீட்டரை நம்ப வேண்டாம், எஞ்சின் பிரித்தே இருக்கிறது, வந்து பார்க்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறேன்.