சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் லாட் கையெழுத்திட்ட பிரதிகள்

மலேசியாவின் பினாங்கில், பினாங்கு சாலையில் உள்ள சௌராஸ்தா மார்க்கெட்டுக்குப் போகிறவர்களில் பலர் கீழ்த்தளத்தோடு திரும்பிவிடுகிறார்கள். ஜாதிக்காய் ஊறுகாய், உப்பில் போட்ட மாங்காய், மீன், காய்கறி, அதோடு சரி. மாடி ஏறினால் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. பழைய கார்ட்டூன் புத்தகம் சேர்க்கிறவர்கள், அதிலும் மலேசியக் கார்ட்டூன் ஓவியர் லாட் கையெழுத்திட்ட பிரதிகளைத் தேடுகிறவர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்லும் இடம் அந்த மாடிதான். அங்கே ஒரு கடையில் வாங்கிய, லாட்டின் 'டவுன் பாய்' சித்திரக்கதைப் பிரதியைப் பற்றியும் அந்தக் கடையைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

லாட் என்கிற முகமட் நோர் காலிட் 1951இல் பேராக் மாநிலத்தில் பிறந்தவர். பதிமூன்று வயதிலேயே, 1964இல், 'தீகா செகாவான்' என்ற அவருடைய சித்திரக்கதை அச்சில் வந்துவிட்டது. வரைந்தது பள்ளிக்கூடப் பையன் என்று தெரியாமலேயே பதிப்பகத்தார் ஏற்றுக்கொண்டார்களாம். 1974இலிருந்து நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழில் மலேசிய வாழ்க்கைக் காட்சிகளை வரைந்தார். அவற்றின் தொகுப்பாக 1977இல் 'லாட்ஸ் ஆஃப் லாட்', அடுத்த வருடம் 'லாட்ஸ் லாட்' வந்தன. பிறகு தன் வாழ்க்கையையே வைத்து வரைந்த சித்திரக்கதைகள்: 1979இல் 'கம்போங் பாய்', 1981இல் 'டவுன் பாய்'. சேகரிப்பவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடுவது பெரும்பாலும் இந்த வரிசையைத்தான்.

நான் ஈப்போக்காரன். அதனால் எனக்கு 'டவுன் பாய்' மேல் தனிப் பிரியம். கம்பத்திலிருந்து (கிராமத்திலிருந்து) ஈப்போ நகரத்துக்கு வரும் மலாய்ப் பையன், காப்பிக்கடை வீட்டுச் சீனப் பையன் ஃபிராங்கியோடு சேர்ந்து ராக் அண்ட் ரோல் கேட்டு வளர்கிற கதை. கடைசியில் ஃபிராங்கி படிக்க வெளிநாடு கிளம்பும்போது ஈப்போ ரயில் நிலையத்தில் இருவரும் பிரிகிறார்கள். அந்தப் பக்கங்களை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். லாட் ஒரு தெருவை வரைந்தால் அதில் எல்லாரும் இருப்பார்கள்: சைக்கிளில் போகிறவர், சீன டவ்கே (முதலாளி), தலைப்பாகை கட்டிய பஞ்சாபி, அவர்கள் நடுவில் வேட்டி கட்டிய நம் ஆளும். யாரையும் தாழ்த்தாமல், யாரையும் ஓரத்தில் ஒதுக்காமல் வரைந்திருப்பார். எழுபதுகளில் செய்தித்தாளைத் திறந்த ஒரு தோட்டத் தொழிலாளி வீட்டுத் தமிழ்ப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

சரி, பிரதிக்கு வருகிறேன். மேலட்டையின் ஒரு மூலை மடிந்து வெளுத்திருக்கிறது. உள்தாள்கள் விளிம்பில் பழுப்பேறியிருக்கின்றன. முதுகுப் பசை காய்ந்து, நடுவில் ஒரு கொத்துப் பக்கம் ஆடுகிறது. முதல் வெற்றுப் பக்கத்தில் கறுப்பு மார்க்கரில் கையெழுத்து, அதோடு சுருட்டை முடியோடு சின்னதாக ஒரு முகம், 1983 என்ற ஆண்டு. இன்னாருக்கு என்று ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயரும் இருக்கிறது. அந்தப் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை.

பெயர் எழுதிய பிரதி என்றால் வியாபாரிகள் உதட்டைப் பிதுக்குவார்கள். 'வேறொருத்தர் பேர் இருக்கு, அடுத்து விற்க முடியாது' என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அது நேர்மாறு. வெறும் கையெழுத்து எங்கே, எதற்காகப் போட்டது என்று யாருக்கும் தெரியாது. ஒரே மேசையில் அடுக்கி வைத்து நூறு பிரதிகளுக்கும் போட்டிருக்கலாம். பெயர் இருந்தால், அந்தப் பெயருக்குரியவர் எதிரில் நின்றிருக்கிறார், அல்லது அவருக்காக யாரோ கேட்டு வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம். 'டவுன் பாய்' வெளிவந்து இரண்டு வருடத்துக்குள் ஒரு தமிழ்ப் பெண் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றிருக்கலாம் என்பது எனக்குக் கையெழுத்தைவிடப் பெரிய மதிப்பு. போலி போடுகிறவர்களும் பெரும்பாலும் யார் பெயரையும் எழுத மாட்டார்கள். அடுத்தவனிடம் சுலபமாகத் தள்ளிவிட வேண்டுமே.

போலி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். லாட் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தன் பெயரைப் போடுகிறவர். அது அச்சோடு வந்தது. அதைக் காட்டியே 'கையெழுத்து இருக்கு' என்று இணையத்தில் விலை ஏற்றுகிறவர்கள் உண்டு. அப்படி ஒரு விற்பனையாளர் எனக்கே ஒரு பிரதியை அனுப்பினார். திருப்பி அனுப்பிப் பணத்தை வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பதற்கு ஈடு கிடையாது. மார்க்கர் மை என்றால் தாளின் பின்பக்கம் லேசாக ஊறித் தெரியும். பால்பாயிண்ட் என்றால் பின்பக்கம் விரலால் தடவினாலே அழுத்தம் தட்டுப்படும். பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் எழுதிய மையின் பளபளப்பு அச்சு மையிலிருந்து வேறாக இருக்கும். சின்ன பூதக்கண்ணாடி ஒன்று சட்டைப்பையில் இருந்தால் நல்லது. கோடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பேனாவின் வேகம் தெரிய வேண்டும். தயங்கித் தயங்கி நடுங்கி ஓடிய கோடு என்றால் யாரோ பார்த்து வரைந்தது என்று சந்தேகப்படுங்கள்.

இந்தச் சோதனை எல்லாவற்றுக்கும் அந்தக் கடைக்கார அண்ணன் முகம் சுளிக்கவில்லை. 'வெளிச்சத்துல வச்சுப் பாருங்க தம்பி, அவசரம் இல்ல' என்று அவரே ஜன்னல் பக்கம் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். இந்தக் கடையை நான் சிபாரிசு செய்வதற்கு முதல் காரணமே இதுதான். கேட்ட விலை 220 வெள்ளி (ரிங்கிட்). ஆடும் பக்கங்களைக் காட்டினேன். 'அது பசை விட்டுப்போச்சு, மை விடல' என்றார். கடைசியில் 180க்குக் கொடுத்தார். நியாயமான விலை என்றே நினைக்கிறேன். கையெழுத்து இல்லாத பழைய லாட் தொகுப்புகள் அதே கடையில் 15, 20 வெள்ளிக்குக் கிடைத்தன. அவையும் நல்ல பிரதிகள்தான். புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

கடையில் வரிசை என்று எதுவும் இல்லை. பள்ளிப் பாடப்புத்தகம், சமையல் புத்தகம், ஆங்கில நாவல் எல்லாம் கூரை வரை அடுக்கியிருக்கும். நீங்களே அடுக்கை இழுத்தால் சரிந்துவிடும், அண்ணனிடம் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். 'லாட் இருக்கா?' என்று பொதுவாகக் கேட்காமல் புத்தகத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எது எங்கே கிடக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். பதிப்பு விவரப் பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். 'கம்போங் பாய்' பலமுறை மறுபதிப்பு கண்டது. 'பழசு' என்று சொல்லித் தருவதெல்லாம் 1979 பிரதி ஆகிவிடாது. மேல்மாடி என்பதால் உச்சி வெயில் நேரத்தில் புழுக்கம் அதிகம், காலையில் போவது உத்தமம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு செய்ய வேண்டியவையும் உண்டு. நம் ஊர் ஈரத்தில் ராமபாணப் பூச்சிக்கு இந்தத் தாள் விருந்து. பழைய பிரதியை மற்றப் புத்தகங்களோடு உடனே சேர்க்காமல் கொஞ்ச நாள் தனியாக வைத்து, பூச்சி இல்லை என்று தெரிந்த பிறகு அலமாரியில் வையுங்கள். ஒட்டுநாடா மட்டும் வேண்டவே வேண்டாம். சில வருடத்தில் அது மஞ்சளாகி, பிசின் தாளுக்குள் இறங்கிப் படத்தையே கெடுத்துவிடும். ஆடும் பக்கங்களைச் சரிசெய்யப் புத்தகம் கட்டத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் பக்கத்தை மட்டும் தொடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மார்க்கர் மை வெளிச்சத்தில் வெளுக்கும், அதனால் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் எண்ணமும் இல்லை.

'தீகா செகாவான்' எப்போதாவது இந்த மாடிக்கு வந்திருக்கிறதா என்று அண்ணனைக் கேட்டேன். சிரித்தார். 'அது வந்தா உங்களுக்கு முன்னாடி நான் படிப்பேன் தம்பி' என்றார். 1977 'லாட்ஸ் ஆஃப் லாட்' வந்தால் எடுத்து வைக்கச் சொல்லி 50 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கையெழுத்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அட்டை மட்டும் முழுசாக இருக்க வேண்டும்.