நீல் யங்கின் ‘டெகேட்’: 3 தட்டு, 35 பாட்டு

தொகுப்பு ஆல்பம் என்றாலே எனக்கு ஆகாது. ஊரறிந்த நாலு பாட்டுக்கு நடுவே எட்டுச் சவலைகளைச் சொருகி விற்பார்கள். 1977இல் மூன்று இசைத்தட்டுகளாக வந்த ‘டெகேட்’ அந்த ரகம் இல்லை. 1966 முதல் பத்து ஆண்டுகளில் பாடியவற்றிலிருந்து, கனடாவில் பிறந்த ராக் பாடகர் நீல் யங் தானே பொறுக்கி எடுத்தது. முதல் பாட்டே அதுவரை வெளிவராத ஒன்று. விற்பனையை மட்டும் நினைக்கிற ஆள் அப்படித் தொடங்க மாட்டான்.

உறைக்குள் ஒவ்வொரு பாட்டுக்கும் அவர் கைப்படக் குறிப்பு எழுதியிருக்கிறார். ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ 1972இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு. வேறொருவர் என்றால் அதைப் பற்றிப் பெருமை பேசியிருப்பார். இவரோ, அது தன்னை நடுச்சாலையில் கொண்டுபோய் விட்டது, அங்கே போவது சலித்துவிட்டதால் பள்ளத்துக்கு வண்டியைத் திருப்பினேன், குலுக்கல் அதிகம், ஆனால் பார்த்த ஆட்கள் சுவாரசியமானவர்கள் என்கிற பொருளில் எழுதிவைத்திருக்கிறார். ஐந்தாவது பக்கத்தில் ஊசியை வைத்தால் அந்தப் பள்ளம் எது என்று புரியும். போதை மருந்துக்கு நண்பர்களைப் பறிகொடுத்தவரின் பாட்டுகள் அவை. குரல் அங்கங்கே சுருதியை விட்டு விலகுகிறது. அதைத் திருத்தாமல் விட்டதற்கு அவருக்கு ஒரு கும்பிடு.

எனக்குக் கோவை கணபதியில் லேத் பட்டறை. மாலையில் மோட்டார்களை நிறுத்திய பிறகுதான் தட்டைப் போடுவேன். ‘சின்னமன் கேர்ள்’ பாட்டில் கிட்டார் தனியாக வரும் இடத்தில் வித்தை எதுவும் கிடையாது. ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டுகிறார். ஒவ்வொரு மீட்டலிலும் கரகரப்பு மட்டும் கொஞ்சம் மாறுகிறது. கூட்டிக்கொண்டிருந்த பட்டறைப் பையன் நிமிர்ந்து, “ஏனுங்கண்ணா, தட்டு சிக்கிக்கொண்டதுங்களா?” என்று கேட்டான். அதே காலத்து ‘கவ்கேர்ள் இன் த சாண்ட்’ பத்து நிமிடம் ஓடுகிறது. அண்ணமார் கதையை உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த நீளம் ஒரு பொருட்டே இல்லை. பாடகர் நிறுத்தும்போது உடுக்கை பேசுமே, அந்த வேலையைத்தான் இங்கே கிட்டார் செய்கிறது.

‘ஒஹையோ’வுக்காகவே நாலாவது பக்கத்தை அடிக்கடி போடுகிறேன். 1970 மே 4 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், வியட்நாம் போர் எதிர்ப்புப் போராட்டத்தின்போது தேசியக் காவல் படை சுட்டதில் 4 மாணவர்கள் இறந்தார்கள். அந்த மாதத்திலேயே பாட்டை எழுதிப் பதிவும் செய்துவிட்டார்கள். ஜூனில் தட்டு கடைக்கு வந்துவிட்டது. அப்போது அவரோடு ஒரே குழுவில் இருந்த கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் மூவரும் சேர்ந்து பாடியிருக்கிறார்கள். முடிவில் கிராஸ்பி கத்துவதைக் கேட்டால், ஆற அமர யோசித்திருந்தால் இது இப்படி வந்திருக்காது என்று தோன்றுகிறது.

குறை இல்லாமல் இல்லை. அதே பக்கத்தில் லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு ஒரு பாட்டு வருகிறது. ஒற்றை ஆள் புலம்பலுக்கு அத்தனை வயலின் எதற்கு? நான் ஊசியைத் தூக்கித் தள்ளி வைத்துவிடுவேன். பள்ளம் பற்றி அவ்வளவு சொன்னவர், அந்தப் பள்ளத்துக் காலத்திலேயே 1973இல் வந்த ‘டைம் ஃபேட்ஸ் அவே’ ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டைக்கூடச் சேர்க்கவில்லை. இது எனக்குப் பெரிய மனத்தாங்கல்.

பேங்க் வேலையில் இருக்கும் மைத்துனர், “எல்லாம் போனிலேயே வருகிறதே மாப்பிள்ளை, இதற்குப் போய்க் காசா?” என்கிறார். பாட்டு வரும், அந்தக் கையெழுத்துக் குறிப்புகள் கூடவே வருவதில்லை. 2 சிடியாகவும் கிடைக்கிறது, ஆனால் அந்தச் சின்னத் தாளில் அவர் கிறுக்கலைப் படிக்கக் கண்ணாடி போட்டாலும் போதாது. பிளேயர் இருந்தால் தட்டாகவே வாங்குங்கள். பழையது என்றால் ஐந்தாவது பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மெல்லிய பாட்டுகள் அங்கேதான் இருக்கின்றன, கீறல் இருந்தால் அங்கேதான் காதில் விழும்.