185 பவுண்டு போனது: "மாஸ்டர் டேப்பிலிருந்து" என்று விற்கும் கோத்திக் ராக் தொகுப்புகள், ஓர் எச்சரிக்கை

185 பவுண்டு கொடுத்து ஐந்து எல்பி இசைத்தட்டுகளும் ஒரு புத்தகமும் அடங்கிய கறுப்புப் பெட்டி ஒன்றை வாங்கினேன். அந்தப் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எதுவும் உண்மை இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன், அவர்களும் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். பழைய கோத்திக் ராக் (பங்க் இசைக்குப் பின் வந்த, இருண்ட மனநிலை கொண்ட ராக் இசை) பதிவுகளைத் தேடி வாங்குகிறவர்களுக்கு என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. பழைய பதிவுகளை மறுவெளியீடு செய்வதாகச் சொல்லும் சின்ன நிறுவனம். இங்கிலாந்து முகவரி, சொந்தமாக ஓர் இணையக் கடை, முன்பதிவில் மட்டும் விற்பனை. இந்த மாதிரி கடைகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் உயிரைக் கொடுத்து வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள், நானே அவர்களிடம் வாங்கியிருக்கிறேன். அந்த நல்லவர்கள் சம்பாதித்து வைத்த பெயரில்தான் இந்த ஆட்கள் காசு பார்க்கிறார்கள்.

அறிவிப்பில் இருந்தது இதுதான்: 1979 முதல் 1983 வரை லீட்ஸ், நார்த்தாம்ப்டன், லூட்டன், லண்டன் குழுக்களின் முதல் சிங்கிள்கள் (ஓரிரு பாட்டு மட்டும் உள்ள தட்டுகள்), யாரும் கேட்டிராத டெமோக்கள் (வெளியீட்டுக்கு முன் எடுத்த மாதிரிப் பதிவுகள்), எல்லாமே மாஸ்டர் டேப்பிலிருந்து, அதாவது ஸ்டுடியோவில் பதிவான மூல டேப்பிலிருந்து, நேரடியாக. 180 கிராம் தட்டுகள், 80 பக்கப் புத்தகம், உலகம் முழுவதற்கும் 500 பிரதிகள் மட்டும். விலை 185 பவுண்டு.

இந்த இசையோடு பழகாதவர்களுக்கு இதில் என்ன ஆசை என்று தோன்றலாம். கோத்திக் ரசிகர்கள் கூடிய பேட்கேவ் கிளப் லண்டன் சோஹோவில் திறந்தது 1982 ஜூலையில். அதற்கு முன்பே, கோத்திக் என்ற பெயர் ஒட்டுவதற்கு முன்பே, இந்தக் குழுக்கள் சின்ன ஊர்களில் வாசித்துக்கொண்டிருந்தன. பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. நார்த்தாம்ப்டனைச் சேர்ந்த பௌஹாஸ் 1979 ஜனவரி 26 அன்று வெலிங்பரோவில் பெக் ஸ்டுடியோவுக்குள் போய், ஒன்பது நிமிடத்துக்கும் மேலே ஓடுகிற "பேலா லுகோசிஸ் டெட்" பாட்டைப் பதிவு செய்துவிட்டு வந்தார்கள். அவ்வளவு நீளப் பாட்டை சிங்கிளாக வெளியிட ஒத்துக்கொண்டது வால்தம்ஸ்டோவில் ஒரு ரெக்கார்டு கடை நடத்தியவர்களின் ஸ்மால் வொண்டர் லேபிள். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. லீட்ஸில் சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி 1980இல் தங்கள் முதல் சிங்கிளைத் தாங்களே அச்சடித்தார்கள், ஏறக்குறைய ஆயிரம் பிரதி. அந்தச் சிங்கிளுக்குக் கள்ளப் பிரதிகளே எத்தனையோ சுற்றுகின்றன. அசல் கையில் கிடைப்பது அபூர்வம்.

இப்படிப்பட்ட பதிவுகளின் மூல டேப் கிடைத்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால் காது நிமிரும். நடக்காத விஷயமும் இல்லை. பௌஹாஸ் அந்த ஜனவரி நாளில் பதிவு செய்த பாட்டுகள் மொத்தமாக, முறையாக, 2018இல்தான் ஒரே தட்டில் வெளிவந்தன. முப்பத்தொன்பது வருடம் கழித்து! அப்படி ஒன்று இன்னொரு முறையும் நடக்கலாம்தானே.

இருந்தாலும் நான் கண்ணை மூடிக்கொண்டு பணம் அனுப்பவில்லை. டேப் எந்த வகை, என்ன நிலையில் இருந்தது என்று கேட்டு எழுதினேன். கடைக்காரரின் பதில் சீக்கிரமே வந்தது, அதுவும் நீளமாக. வடக்கு இங்கிலாந்தில் மூடிப்போன ஒரு ஸ்டுடியோவின் நிலவறையிலிருந்து எடுத்தவை என்றார். கால் அங்குல டேப், பெட்டியின் மேல் பேனாவால் எழுதிய பட்டியல், அதன் புகைப்படமும் கூடவே. அப்புறம் அவர் எழுதிய ஒரு விஷயத்தில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. டேப்பை அப்படியே ஓட்ட முடியவில்லை, பசை கசிந்து ஒட்டிக்கொண்டது, அதனால் மிதமான சூட்டில் பல மணி நேரம் வாட்டி எடுத்த பிறகுதான் ஓட்டினோம் என்றார். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் வந்த சில டேப்களுக்கு இந்த வியாதி உண்மையிலேயே உண்டு. காந்தத் தூளைப் பிடித்து வைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அவற்றைக் காப்பாற்ற இப்படித்தான் செய்கிறார்கள். வேலை தெரிந்தவர் பேசுகிற பேச்சு அது. வருமானத்தில் பாதி அந்தக் கலைஞர்களுக்குப் போகும் என்று கடைசி வரியில் வேறு எழுதியிருந்தார்.

கார்டில் கட்டும் பக்கம் பழுதாகியிருப்பதாகச் சொல்லி வங்கிக் கணக்கு எண் கொடுத்தார்கள். அன்று மாலையே 185 பவுண்டு அவர்கள் கணக்குக்குப் போய்விட்டது.

அதன் பிறகு தொழிற்சாலையில் தாமதம், அட்டை அச்சில் தாமதம், சுங்கத்தில் தாமதம். இங்கிலாந்துக்குள்ளேயே அனுப்புகிற பொருளுக்குச் சுங்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. ஒருவழியாகப் பெட்டி வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை.

தட்டைப் போட்டேன். சிஸ்டர்ஸின் அந்த முதல் சிங்கிளில் ஆரம்பத்திலேயே "டிக், டிக்" என்று கீறல் சத்தம். புதுத் தட்டில் கீறலா என்று துடைத்துப் பார்த்தேன், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், தட்டு சுத்தமாக இருந்தது. அப்புறம் அந்த டிக் சத்தத்தின் இடைவெளியை அளந்தேன். எல்பி சுற்றுவது நிமிடத்துக்கு 33⅓ சுற்று. அதில் கீறல் இருந்தால் 1.8 விநாடிக்கு ஒரு முறை கேட்க வேண்டும். எனக்குக் கேட்டது 1.3 விநாடிக்கு ஒரு முறை. அது 45 சுற்று வேகத்தின் கணக்கு. அதாவது யாரோ தேய்ந்துபோன பழைய 45 சிங்கிளைப் போட்டு, ஊசியிலிருந்து பதிவு செய்து, அதை அப்படியே இந்த எல்பியில் வெட்டியிருக்கிறார்கள். மாஸ்டர் டேப்பில் எப்படிங்க கீறல் விழும்?

அடுத்து "வெளிவராத டெமோ" என்று போட்டிருந்த ஒரு பாட்டு. அது முடிகிற இடத்தில் ஒரு மனிதக் குரல் பேசத் தொடங்கி, அரை எழுத்தில் அறுபட்டது. வானொலி அறிவிப்பாளர் குரல். யாரோ வீட்டில் ரேடியோவிலிருந்து கேசட்டில் பிடித்தது! பௌஹாஸின் ஒன்பது நிமிடப் பாட்டோ ஏழாவது நிமிடத்திலேயே மெல்லத் தேய்ந்து மறைகிறது, தட்டில் இடம் போதாமல் வெட்டிவிட்டார்கள். தொடக்கத்தில் டிரம்ஸின் ஓரத்தைத் தட்டும் அந்தத் தாளம், அதன் மேல் எதிரொலியாகப் பரவும் கிடார், இதைக் கேட்கத்தானே இந்தத் தொகுப்பை வாங்குகிறோம்? அந்த எதிரொலி முழுக்க மங்கி, சேற்றில் புதைந்து கிடக்கிறது.

ஒலிப்பதிவு வேலையில் இருக்கும் நண்பரிடம் கொண்டுபோனேன். கணினியில் ஏற்றி அலைவரிசைப் படத்தைக் காட்டினார். ஐந்து தட்டிலும் பெரும்பாலான பாட்டுகளில் 16 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி இருக்கிறது, அதற்கு மேல் கத்தியால் வெட்டிய மாதிரி ஒன்றுமே இல்லை. "குறைந்த தரத்தில் சுருக்கின எம்பி3 இப்படித்தான் இருக்கும், டேப்னா இப்படிச் சட்டுன்னு நிக்காது, மெதுவாக் குறையும்" என்றார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கோப்புகளை இறக்கி, வினைலில் அச்சடித்து, 185 பவுண்டுக்கு விற்றிருக்கிறார்கள்.

80 பக்கப் புத்தகம் 24 பக்கமாக வந்தது. அதில் "பேலா லுகோசிஸ் டெட்" 4ஏடி லேபிள் வெளியீடு என்று எழுதியிருக்கிறது. 4ஏடி தொடங்கியதே 1980இல். சிஸ்டர்ஸின் முதல் சிங்கிளில் டிரம் மெஷின் எவ்வளவு பயங்கரமாக ஒலிக்கிறது என்று ஒரு பத்தி முழுக்கப் புகழ்ச்சி. அந்த சிங்கிளில் டிரம்ஸ் வாசித்தவர் குழுவின் ஆண்ட்ரூ எல்ட்ரிச், பின்னாளில் அதன் பாடகராக அறியப்பட்டவர், தன் சொந்தக் கையால். டாக்டர் அவலாஞ்ச் என்று அவர்கள் பெயர் வைத்த மெஷின் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த இசையை ஒரு முறை காது கொடுத்துக் கேட்டவர்கூட இப்படி எழுத மாட்டார். என்னை அதிகம் சுட்டது இந்தப் பத்திதான். பணத்தை எடுத்தார்கள், பாட்டைக் கேட்கக்கூட இல்லை.

புகார் எழுதினேன். அந்தக் காலத்துப் பதிவுகள் அப்படித்தான் இருக்கும், அதுதான் அவற்றின் அழகு என்று முதல் பதில். கீறலின் கணக்கை எழுதி அனுப்பினேன். உங்கள் ஊசியைச் சோதியுங்கள் என்று அடுத்த பதில். அலைவரிசைப் படத்தை அனுப்பினேன். உறையைப் பிரித்துவிட்டீர்கள், பிரித்த ஒலித்தட்டைத் திருப்ப சட்டத்தில் இடமில்லை என்றார்கள். பாதி உண்மையை வைத்துக்கொண்டு எப்படி ஏமாற்றுகிறார்கள் பாருங்கள். மனம் மாறித் திருப்புகிற 14 நாள் உரிமைக்குத்தான் அந்த விதி. சொன்னபடி இல்லாத பொருளை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கும் உரிமை 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அதற்கும் உறைக்கும் சம்பந்தமே இல்லை. இதை எழுதியதும் பதில் நின்றுபோனது. டேப்பை வாட்டிய கதையை அத்தனை நீளமாக எழுதத் தெரிந்தவருக்கு இதற்கு ஒரு வரி எழுத நேரமில்லை. அவர்களுடைய சமூக ஊடகப் பக்கத்தில் கேட்டேன். கருத்தை நீக்கிவிட்டு என்னைத் தடுத்துவிட்டார்கள்.

வங்கியிலும் அதே கதை. ஏமாற்றி வாங்கிய பணப் பரிமாற்றங்களை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்று 2024 அக்டோபரிலிருந்து விதி இருக்கிறதே என்றேன். பொருள் உங்கள் கைக்கு வந்துவிட்டது, அதனால் இது மோசடி ஆகாது, உங்களுக்கும் விற்றவருக்கும் இடையிலான தகராறு என்றார்கள். அந்த ஓட்டைக்காகத்தான் இவர்கள் பெட்டியை அனுப்பியே வைக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஒன்றும் அனுப்பாமல் ஓடியிருந்தால் என் பணத்தில் கொஞ்சமாவது திரும்பி வந்திருக்கலாம். நுகர்வோர் உதவி எண்ணில் அன்பாகப் பேசினார்கள், விவரத்தைக் குறித்துக்கொண்டார்கள், ஆனால் பணத்தை வாங்கித் தருவது அவர்கள் வேலை இல்லை.

என் 185 பவுண்டு ஒரு பக்கம் இருக்கட்டும். பிரிட்டனில் ஒலிப்பதிவு உரிமை வெளியீட்டிலிருந்து 70 ஆண்டு. 1979இல் வந்த பாட்டுக்கு 2049 முடிகிற வரை உரிமையாளர் உண்டு. இந்தப் பெட்டியில் தேடித் தேடிப் பார்த்தேன், யாரிடம் அனுமதி பெற்றது என்று ஒரு வரி இல்லை. கலைஞர்களுக்குப் பாதி என்றார்களே, எந்தக் கலைஞருக்கு? சிஸ்டர்ஸின் 1980 முதல் 1983 வரையான சிங்கிள்கள் 1992இலேயே அவர்கள் லேபிள் வழியாக ஒரே தொகுப்பாக வந்துவிட்டன. செர்ரி ரெட் நிறுவனம் 2017இல் 1978 முதல் 1986 வரையான கோத்திக் பதிவுகளை ஐந்து குறுந்தகடாகப் போட்டது. வேலை செய்கிறவர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆயிரம் தட்டு அச்சடித்து அதிலும் காசு பார்க்காத குழுக்களிடமிருந்து நாற்பது வருடம் கழித்தும் திருடுகிறார்களே, இவர்களை என்ன சொல்ல.

சரி, எச்சரிக்கைகள். 100 பவுண்டுக்கு மேல் என்றால் கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி கார்டு நிறுவனமும் பொறுப்பு. கார்டு பக்கம் பழுது என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் யார் அனுமதி கொடுத்தது என்று எழுத்தில் கேளுங்கள். டேப் புகைப்படம் எதற்கும் சான்று அல்ல. பெட்டி வந்ததும் உடனே கேளுங்கள், 30 நாள் ஓடிவிடும். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், ஆனால் இதை இன்றே போட்டாக வேண்டும். இரண்டாம் தொகுதிக்கு முன்பதிவு தொடங்கிவிட்டார்கள், விலை 210 பவுண்டு, முதல் தொகுதி வாங்கியவர்களுக்குத் தள்ளுபடி என்று எனக்கே மின்னஞ்சல் வந்திருக்கிறது. அதே டேப் பெட்டிப் புகைப்படம்தான் போட்டிருக்கிறார்கள். யாரும் கட்டாதீர்கள்.