பைக் டேங்க்குக்கு பிபிஎஃப் (பெயின்ட்டைக் காப்பாத்துற ஃபிலிம்) ஒட்டக் கொடுக்குறவங்க கவனிங்க: 8,500 ரூபாய் போச்சு, பெயின்ட்டும் போச்சு

நேத்து சாயங்காலம் டேங்க்ல இருந்த ஃபிலிமைப் பிரிச்சு எடுத்தாச்சு. உள்ளே கறுப்புப் பெயின்ட்ல, பெட்ரோல் மூடியைச் சுத்தி, பிளேடு வச்சு இழுத்த கோடு. நகத்தை வச்சு வருடினா நகம் மாட்டுது. ரெண்டு இடத்துல கோட்டுக்குள்ள சாம்பல் நிறமா பிரைமர் (அடிப்பூச்சு) தெரியுது. இது பாலிஷ்ல போற கீறல் இல்ல. பெயின்ட்டைக் காப்பாத்தத்தான் 8,500 ரூபாய் கொடுத்தது. அந்தக் காசுக்குக் கிடைச்சது இந்தக் கோடு.

கடை பேரைப் போடல. பைபாஸ் ஓரம், கண்ணாடி ரூம், கண்ணைக் கூசுற வெள்ளை லைட், சுவர் பூரா கார் படம். இப்படி ஒரு டீட்டெயிலிங் கடை இப்போ எல்லா ஊர்லயும் இருக்கு. அதனால எப்படி ஏமாத்துறாங்கங்கிறதை மட்டும் சொல்றேன்.

பைக் பெயின்ட் தேயுறதுக்குக் காரணம் பெரும்பாலும் தூசிதான். பேன்ட் துணி தனியா பெயின்ட்டை ஒண்ணும் பெருசா பண்ணாது. துணிக்கும் டேங்க்குக்கும் நடுவுல மணல் தூசி மாட்டிக்கிட்டா அது உப்புத்தாள் மாதிரி அறுக்கும். முழங்கால் படுற ரெண்டு பக்கம், பெல்ட் பக்கிள் இடிக்கிற டேங்க் பின்பக்கம், டேங்க் பேக் உட்கார்ற இடம், சைடு பேக் வார் உரசுற டெயில் பேனல், ஷூ குதிகால் படுற ஸ்விங் ஆர்ம், இங்கெல்லாம்தான் முதல்ல மங்கும். அழுக்கு வண்டி மேல கவர் போட்டு, காத்துல அது ராத்திரி பூரா ஆடினாலும் இதே கதிதான். கம்பெனியில நிறத்துக்கு மேல அடிக்கிற நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான். அதுக்கு மேல 150, 200 மைக்ரான் ஃபிலிம் ஒட்டினா தேய்மானத்தை அது வாங்கிக்கும். இதுல தப்பே இல்ல, நல்ல வேலைதான். ஒட்டுற பொருள் எதுங்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

நம்ப வச்ச இடம் இது. கவுன்டர்ல ஒரு சின்ன கறுப்புத் தகடு, அது மேல ஃபிலிம். கடைக்காரர் பித்தளை பிரஷ்ஷை எடுத்து அதுல பரபரன்னு தேய்ச்சார். வலை வலையா கீறல். கெட்டில்ல இருந்து கொஞ்சம் சுடுதண்ணி ஊத்தினார். கண்ணு முன்னாடி அத்தனை கீறலும் மறைஞ்சு போச்சு. "டிபியூ சார், 200 மைக்ரான், அஞ்சு வருஷம் வாரண்டி. செராமிக் கோட்டிங் ஃப்ரீயா போட்டுத் தர்றோம்"னார். டிபியூன்னா ரப்பர் மாதிரி இழுபடுற ஒரு வகை பாலியூரித்தேன் பிளாஸ்டிக். அந்தத் தகட்டுல இருந்தது நிஜமான டிபியூதான், அதுல சந்தேகமே இல்ல. சூடு பட்டா மேல்பூச்சு இளகித் தானா மூடிக்கும், அதுதான் அதோட குணம். ஆனா வண்டியில ஒட்டினது அது இல்ல. ரோலைக் காட்டுங்கன்னு கேட்டதுக்கு, "உள்ள ரூம்ல இருக்கு சார், வெளிய எடுத்தா தூசி ஏறிடும்"னு ஒரு பதில். அந்த இடத்துலயே வண்டியைத் திருப்பியிருக்கணும். அட்வான்ஸ் 3,000, வேலை முடிஞ்சு 5,500, மொத்தம் 8,500 ரூபாய். ரெண்டு தடவையும் யாரோ ஒருத்தரோட சொந்த நம்பருக்கு ஜிபே.

இருபதாவது நாள், முழங்கால் படுற இடத்துல விளிம்பு தூக்க ஆரம்பிச்சுது. ஃபிலிமோட முனையை டேங்க் அடிப்பக்கம் மடிச்சு விடாம, சரியா முழங்கால் உரசுற கோட்டுலயே வெட்டி நிறுத்தியிருக்காங்க. ஒவ்வொரு தடவை ஏறி உட்காரும்போதும் பேன்ட் அந்த முனையைத் தள்ளும். வெளிய வந்த பசையில தூசி ஒட்டிக் கறுப்புக் கோடா நிக்குது. எது பெயின்ட்டை அறுக்கக் கூடாதுன்னு காசு கொடுத்தோமோ, அதைப் பசை போட்டு அங்கேயே ஒட்டி வச்ச மாதிரி ஆச்சு.

ஃப்ரீ கோட்டிங்கோட லட்சணமும் இதே. பெயின்ட் மேல முதல்ல செராமிக் பூசி, அதுக்கு மேல ஃபிலிமை ஒட்டியிருக்காங்க. கோட்டிங் வழுவழுன்னு இருக்கும், அது மேல பசை சரியாப் பிடிக்காது. ஃபிலிம் முதல்ல, கோட்டிங் அதுக்கு மேல, இதுதான் சரியான வரிசை. இன்னொண்ணு, செராமிக் உரசலைத் தடுக்கும்னு சொன்னா நம்பாதீங்க. ஒண்ணு ரெண்டு மைக்ரான் கனம்தான் அது. தண்ணி நிக்காம வழியும், அழுக்கு லேசா வரும், பளபளப்பு நிக்கும். முழங்கால் தேய்மானத்துக்கு அதால முடியாது.

மூணாவது மாசம் டேங்க்ல இருக்கிற வெள்ளைப் பட்டை லேசா மஞ்சளடிச்சுது. பிரிச்ச துண்டைக் கையில இழுத்துப் பார்த்தப்போ விஷயம் தெரிஞ்சு போச்சு. டிபியூவை இழுத்து விட்டா ரப்பர் மாதிரி பழைய அளவுக்குத் திரும்பிடும். இது இழுத்த இடத்துல வெளுத்து, அப்படியே தொங்குது. சாதா பிவிசி ஷீட்! மைக்ரோமீட்டர்ல வச்சா பசையோட சேர்த்து 0.13 மில்லிமீட்டர். சொன்னது 200 மைக்ரான், அதாவது 0.20. பிவிசி நம்ம வெயிலுக்குச் சுருங்கும், மஞ்சளாகும், இறுகிப் போகும். வளைவுல ஒட்டினா விளிம்புல இருந்து தானாக் கழண்டு வரும். சுடுதண்ணி ஊத்தினா கீறலும் மறையாது.

அதுக்கப்புறம் கடையில சொன்ன சமாதானங்களைக் கேளுங்க. முதல் போன்ல, "ரெண்டு நாள் வெயில்ல நிறுத்துங்க சார், தானா உட்கார்ந்துரும்." அடுத்த வாரம், "நீங்க பிரஷர் வாஷ் விட்டிருப்பீங்க." நேர்ல போனா, "ஓனர் வெளியூர் போயிருக்கார், வந்ததும் பேசுறேன்." நாலாவது தடவை, "வாரண்டி மெட்டீரியலுக்குத்தான், எட்ஜுக்குக் கிடையாது." வாரண்டி கார்டை எடுத்துப் பார்த்தா சீரியல் நம்பர் கிடையாது, ஃபிலிம் கம்பெனி பேர் கிடையாது, ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் இருக்கு. பில்லுல "வாஷிங், பாலிஷ்"னு எழுதியிருக்கு. இன்னிக்குக் காலையில கடைசியா வந்த பதில், "1,500 கொடுங்க, புது ஷீட் ஒட்டித் தர்றோம்." 8,500 ரூபாய் வாங்கினவங்க, மேல 1,500 கேக்குறாங்க! பிளேடு கோட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

முழுசா ஒரு வழிகாட்டி எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், இப்போ அதுக்குப் பொறுமை இல்ல. இவ்வளவாவது மனசுல வச்சுக்குங்க.

ரோலைப் பெட்டியோட காட்டச் சொல்லுங்க. வெட்டி மீந்த துண்டை வாங்கி நீங்களே இழுத்துப் பாருங்க. தரலைன்னா வண்டியைக் கொடுக்காதீங்க. பத்து செகண்ட் வேலை, அதைச் செய்யாமதான் 8,500 போச்சு.

வண்டி மேல வச்சு பிளேடு போடுவீங்களான்னு கேளுங்க. பிளாட்டர் மெஷின்ல (கம்ப்யூட்டர் வச்சு ஃபிலிம் வெட்டுற மெஷின்) வண்டி அளவுக்கு வெட்டினதை ஒட்டலாம், இல்ல நூல் டேப் (உள்ளே இருக்கிற நூலை இழுத்தா ஃபிலிமை வெட்டுற டேப்) வச்சு வெட்டலாம். டேங்க் இரும்பு. கிளியர் கோட்டை அறுத்துட்டா தண்ணி இறங்கி, பெயின்ட்டுக்கு அடியிலயே துரு ஓடும்.

ஒட்டுறதுக்கு முன்னாடி கழுவி, கிளே பார் (பெயின்ட்ல ஒட்டின அழுக்கை எடுக்கிற களிமண் மாதிரிக் கட்டி) தேய்ச்சு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைக்கணும். ஒட்டும்போது தண்ணியில சில சொட்டு பேபி ஷாம்பூ கலந்து ரெண்டு பக்கமும் அடிச்சு, ஸ்க்வீஜீயால (தண்ணியைத் தள்ளுற ரப்பர் பட்டை) நடுவுல இருந்து வெளிய தள்ளணும். காய்ஞ்ச மேனிக்கு ஒட்டுறவன் கையில கொடுக்காதீங்க. ஒரு வாரம் வண்டியைக் கழுவக் கூடாது. புதுசா பெயின்ட் அடிச்ச டேங்க்னா குறைஞ்சது ஒரு மாசம் கழிச்சு ஒட்டுங்க. மேட் பெயின்ட்டுக்கு மேட் ஃபிலிம்தான்.

கழட்டுறவங்க ஹேர் டிரையர்ல சூடு காட்டி, ஃபிலிமை அது மேலயே மடிச்சு மெதுவா இழுங்க. செங்குத்தாத் தூக்காதீங்க. இங்க சைடு பேனல் ஸ்டிக்கர் ஃபிலிமோடவே உரிஞ்சு வந்துருச்சு, காரணம் அது கிளியர் கோட்டுக்கு மேல ஒட்டினது. ஒட்டுறதுக்கு முன்னாடியே இதைச் சொல்லியிருக்க வேண்டியது கடைக்காரங்க பொறுப்பு.

காசை கடைப் பேருக்குப் போடுங்க. பில்லுல ஃபிலிம் பேர், கனம், ரோல் நம்பர் எழுதி வாங்குங்க. நுகர்வோர் உதவி எண் 1915, இன்னிக்கு அதுல புகார் கொடுக்கப் போறேன். உரிச்ச துண்டு, ஜிபே ரசீது, போட்டோ எல்லாம் எடுத்து வச்சாச்சு. அதுக்கு முன்னாடி டச்சப் பெயின்ட் வாங்கி அந்தக் கோட்டை அடைக்கணும், வானம் வேற மூட்டமா இருக்கு.

இந்த வருஷம் எங்கயாவது ஃபிலிம் ஒட்டினவங்க சீட்டைக் கழட்டி, டேங்க் பின் விளிம்பை நகத்தால லேசா நெம்பிப் பாருங்க. தூக்குதுன்னா ரசீதைத் தேடி எடுத்து வையுங்க.