கிளினிக்குக்கு பம்பையும் கொண்டு போங்க: மலைநாட்டுக் குளிரில் ஆஸ்துமா மருந்துகளின் நீண்டகாலப் பாவனை

நீல பம்ப், பிரவுண் பம்ப், கெப்சூல் போட்டு இழுக்கும் கருவி, பம்பின் வாயில் பொருத்தும் பிளாஸ்டிக் குடுவையான ஸ்பேசர். ஹட்டனோ தலவாக்கலையோ பண்டாரவளையோ, இளைப்புக்காரர் இருக்கும் வீட்டில் இந்த நான்கில் ஒன்றாவது இருக்கும். டொக்டர் துண்டு எழுதித் தரும் அன்று தெரியாத பல விஷயங்கள் வருடக்கணக்கில் பாவித்த பிறகுதான் பிடிபடுகின்றன. அவற்றையும், அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் எதைக் கேட்பது, எதைக் காட்டுவது என்பதையும் சேர்த்தே இங்கே எழுதியிருக்கிறோம்.

நீல பம்பில் இருப்பது சல்பியூட்டமோல். ஒரு அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம். ஒரு டின்னில் பெரும்பாலும் 200 அழுத்தம். சில நிமிடங்களில் நெஞ்சு இலேசாகிவிடுவதால் இதுதான் உண்மையான மருந்து என்று மனது நம்பிவிடுகிறது. சுருங்கிய மூச்சுக்குழாயை அது விரிக்கும், அவ்வளவுதான். குழாயின் உள்ளே இருக்கும் வீக்கம் அப்படியே கிடக்கும். வருடத்துக்கு மூன்று டின் அல்லது அதற்கு மேல் முடிந்தால் கடும் இளைப்பு வரும் ஆபத்து கூடுகிறது; மாதத்துக்கு ஒரு டின் என்று போனால் உயிராபத்தே கூடுகிறது. சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா 2019 முதல் நீல பம்பை மட்டும் வைத்துச் சிகிச்சை செய்வதை ஏற்பதில்லை. ஆகவே முதல் கேள்வி இதுதான்: “டொக்டர், எனக்கு இது மட்டும் போதுமா, வீக்கத்தைக் குறைக்கிற மருந்து வேணாமா?” வீக்கத்தைக் குறைக்கும் புடெசொனைட்டும் குழாயை விரிக்கும் ஃபோர்மோடெரோலும் சேர்ந்த பம்ப் சரிவருமா என்றும் கேட்கலாம். இளைப்பு வரும் நேரத்திலும் அடிக்கக்கூடியது அது. சல்மெடெரோல் சேர்ந்தது அப்படியல்ல, வேலை செய்ய நேரமெடுக்கும்.

பிரவுண் பம்பில் இருப்பது வீக்கத்தைக் குறைக்கும் பெக்லோமெதசோன். அடித்தவுடன் எதுவும் தெரியாது. முன்னேற்றம் தெரிய ஓரிரு வாரமாகும், முழுப் பலனுக்கு மாதங்கள் ஆகும். “ஒண்ணும் செய்யல” என்று பத்தாம் நாளும், “சுகமாயிட்டுது” என்று இரண்டாம் மாதமும் நிறுத்துவது இதனால்தான். குறைப்பதென்றால் சுமார் மூன்று மாதம் நிலைமை சீராக இருந்த பிறகு டொக்டர் படிப்படியாகக் குறைப்பார். அடித்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும், குரல் கம்மும்.

டின் முடிந்ததா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது ஏமாற்றும். மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே வாயு மிச்சமிருக்கும், ஆட்டினாலும் சத்தம் வரும். காலை இரண்டு, மாலை இரண்டு என்றால் 200 அழுத்தம் 50 நாளைக்கு. திறந்த தேதியையும் முடியும் தேதியையும் பம்பின் பிளாஸ்டிக் உறையில் எழுதி வைத்தால் போதும்.

இனி நம் ஊருக்கே உரிய தொல்லைகள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை விடியற்காலையில் பம்பும் சில்லிட்டுப் போகும், ஸ்ப்ரே வலுவில்லாமல் வரும். உலோக டின்னைக் கழற்றி உள்ளங்கைக்குள் சில நிமிடம் வைத்துச் சூடாக்கிப் பாவியுங்கள். அடுப்பங்கரையிலோ சுடுதண்ணீரிலோ வைக்கக் கூடாது, வெடிக்கும். பல நாள் பாவிக்காமல் இருந்த பம்பைக் குலுக்கி முதலில் காற்றில் அடித்துவிட வேண்டும். எத்தனை தரம் என்பது உள்ளே வரும் தாளில் இருக்கும்.

கெப்சூலுக்கு எதிரி ஈரம். தென்மேற்குப் பருவ மழையில் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் லயக் காம்பராவுக்குள்ளேயே பனிமூட்டம் வந்துவிடும். அட்டையிலிருந்து எல்லாவற்றையும் பிரித்து டப்பாவில் போட்டு வைத்தால் தூள் கட்டிபிடித்து ஓட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். இழுக்கும் நேரத்தில் ஒன்றை மட்டும் பிரியுங்கள். கருவிக்குள் மூச்சை ஊதாதீர்கள், வாயின் ஈரமும் அதைக் கெடுக்கும். இழுத்தபின் கெப்சூலைத் திறந்து பாருங்கள். தூள் மிச்சமிருந்தால் இன்னொரு தரம் இழுங்கள். மாத்திரை என்று நினைத்து விழுங்குகிறவர்களும் உண்டு. அது நெஞ்சுக்குப் போய்ச் சேராது.

பெரும் குழப்பம் மருந்து மாறும்போது வருகிறது. கெப்சூலை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். பம்பை மெதுவாக இழுக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறியவர் பழைய கைப்பழக்கத்திலேயே இழுப்பார். பம்பை வேகமாக இழுத்தால் மருந்தெல்லாம் தொண்டையிலேயே படியும். பம்புக்குச் சரியான முறை: மூடியைக் கழற்றிக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதட்டால் இறுக்கி மூடி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, மூன்று முதல் ஐந்து விநாடி இழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். அடுத்ததற்கு அரை நிமிடமாவது விட்டு மறுபடி குலுக்க வேண்டும். கையும் மூச்சும் ஒத்துவராத சின்னப் பிள்ளைக்கும் வயதானவருக்கும் ஸ்பேசர் கேளுங்கள். அதில் ஒவ்வொரு அழுத்தமாக அடித்து ஐந்தாறு மூச்சு எடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிவிடும்.

இதை எழுத்தில் படித்துப் பழகுவது கஷ்டம். பம்பை பையிலிருந்து எடுத்து, “நான் இழுக்கிறத ஒருக்கா பாருங்க டொக்டர்” என்று சொல்லுங்கள். மருந்து போதவில்லை என்று டோஸைக் கூட்டும் முன் டொக்டர் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டால் “பரவால்ல” என்பது டொக்டருக்கு எதையும் சொல்வதில்லை. கடந்த நான்கு வாரத்தில் இரவு இருமி எழும்பிய நாள் எத்தனை, நீல பம்ப் தேவைப்பட்டது வாரத்துக்கு எத்தனை நாள், மலை ஏறிக் கொழுந்து எடுக்க முடிந்ததா, இதைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் எண்ணைக் காட்டலாம். தேயிலை ஃபெக்டரியில் சலிக்கும் பகுதியில் வேலை என்றால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள்; தேயிலைத் தூசியால் வரும் ஆஸ்துமாவை டொக்டர் சி. ஜி. உரகொட 1970லேயே பதிவு செய்திருக்கிறார். லீவு நாளில் நெஞ்சு இலேசாக இருந்தால் அது முக்கியமான தடயம். விறகுப் புகைக்குள் சமைப்பதையும் சொல்லுங்கள்.

பிற மருந்துகளைச் சொல்லாமல் விடுவதுதான் எங்களுக்கு மிகவும் கவலை தருவது. தலையிடிக்கும் கைநடுக்கத்துக்கும் கொடுக்கும் புரொப்ரனலோல் மூச்சுக்குழாயைச் சுருக்கும். கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலோல் சொட்டும் அப்படியே. சொட்டுதானே என்று யாரும் சொல்வதில்லை. மூட்டு வலிக்கு வாங்கும் டைக்லோஃபெனக்கும் அஸ்பிரினும் சிலருக்குக் கடும் இளைப்பைக் கொண்டுவரும். பிரஷருக்கான எனலாப்ரில் வறட்டு இருமல் தரும், அது இளைப்பென்று எண்ணப்படும். இளைப்புக்குத் தியோஃபிலின் மாத்திரை குடிப்பவர் சிப்ரோஃப்ளொக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைத் தொடங்கினால் இரத்தத்தில் தியோஃபிலின் ஏறி வாந்தியும் படபடப்பும் வரும், வலிப்பும் வரலாம். சல்பியூட்டமோல் 2 மில்லிகிராம் மாத்திரை ஒன்று பம்பின் 20 அழுத்தத்துக்குச் சமம். கை நடுங்குவது அதனால்தான். பாமசியில் வெள்ளைக் கடதாசிப் பையில் தருவதன் மேல் பெயரையும் அளவையும் எழுதிக் கேளுங்கள், எல்லாப் பைகளையும் டொக்டரின் மேசையில் வையுங்கள்.

கடும் இளைப்புக்குத் தரும் ஸ்டீரொய்ட் மாத்திரையான ப்ரெட்னிசலோன் இந்த வருடம் எத்தனை தடவை குடித்தீர்கள் என்பதைச் சொல்ல வேண்டும். சீனி வருத்தக்காரருக்கு அது சீனியை ஏற்றும். வாரக்கணக்கில் குடித்ததைத் திடீரென நிறுத்தக் கூடாது. இளைப்புக்கான மொன்டெலுகாஸ்ட் மாத்திரை தொடங்கிய பிள்ளை கெட்ட கனவு, கோபம், மனச்சோர்வு என்று மாறினால் உடனே டொக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பமானதும் பம்பை நிறுத்துவது தவறு. தாயின் இளைப்புதான் குழந்தைக்குக் கேடு.

கடும் இளைப்பு வந்தால் வீட்டில் என்ன செய்வது என்பதை டொக்டரிடமே எழுதி வாங்குங்கள். பெரியவருக்குப் பொதுவாக நீல பம்பை ஸ்பேசரில் ஒவ்வொன்றாக 4 முதல் 10 அழுத்தம் வரை, முதல் ஒரு மணித்தியாலத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கலாம். ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாவிட்டால், விலா உள்ளே இழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால், அடித்தும் குறையாவிட்டால், அடித்துக்கொண்டே 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசில்லை. தோட்டத்து மேல் டிவிஷனிலிருந்து ரோட்டுக்கு இறங்கவே நேரமாகும் என்பதால், அம்புலன்ஸ் எந்த இடம் வரை வரும், அதுவரை யாருடைய ஓட்டோ என்பதை இன்றைக்கே பேசி, நம்பரைச் சுவரில் எழுதிவிடுங்கள்.